இந்தூர் நகரத்துத் தீபாவளி

ஓர் ஊரின் மேன்மையை அறிய விரும்புவார் அவ்வூரின் மாடமாளிகைகளை நோக்குதல் போதாது. திருவிழா முடிந்த மறுநாட் காலையில் அதன் வீதிகளை நோக்குதல் வேண்டும். முதல்நாள் மாலையில் தோரணமும் தீவர்த்தியும் மேளமுமாய் விளங்கிய தெரு, மறுநாள் எச்சிலிலையும் காகிதமும் கரியுமாய்க் கிடக்குமாயின், அவ்விழாவினால் அவ்வூர் அடைந்த நன்மை யாது என்னும் வினா அறிவுடையார் உள்ளத்தில் எழாமற் போகாது. நம் சங்கத்தின் ஆண்டு விழாவும் இவ்வினாவுக்கு விலக்கன்று. பந்தலைப் பற்றியும் பந்தியைப் பற்றியும் பல நாள் முன்னரே கூடி ஆலோசிக்கும் நாம், பந்தி முடிந்தபின் இலைகளை வாரிச் செல்பவர் யாவர், அவர்க்கு நாம் ஓர் இலை போட்டோமா என்று ஒருமுறையேனும் ஆலோசித்ததாக எனக்கு நினைவில்லை.

குறையை எடுத்துக் கூறுதல் எளிது. வழி காட்டுதலே அரிது. விழாவையே கருவியாகக் கொண்டு ஒரு நகரத்தைத் திருத்தலாம் என்பதை நம் பாரத நாட்டிலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். அவர் நம்மவரல்லர், அந்நகரமும் தமிழ்நாட்டதன்று. ஆயினும் அவர் இந்நாட்டில் முதன்முதல் தம் கொள்கையை விளக்கிய இடம் நம் சென்னை நகரமேயாதலாலும், அவர் கையாண்ட முறை நம்போன்ற சங்கத்தார்க்கு இன்றியமையாததாகலானும், அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன்.

பேராசிரியர் கெடிஸ்

பாட்ரிக் கெடிஸ் என்பார் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஸ்காத்லாந்து தேசத்தில் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். உயிர்நூலைக் கற்றுத் தேர்ந்து, 1888 முதல் டண்டீ நகரத்துக் கல்லூரியில் தாவரநூற் பேராசிரியராய் அமர்ந்தார். செடியை ஆராயுங்கால் அது வேரூன்றிய மண்ணையும், அது பருகும் நீரையும், அதனை அடுத்து வளரும் பிற செடிகளையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டுமென்பது அவர் கோட்பாடு. அக்கண்கொண்டே அவர் மக்கள் வாழும் ஊரையும் நோக்கினார். ஊரென்பது கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த குவியலன்று, அஃது உயிருள்ளது, வளர்வது, நோயுறுவது, தக்கார் கைப்படின் நலம் பெறுவது என்று அவர் கண்டார்.

கண்டதைப் பேசியமையாது நடத்தையிலும் காட்டினார். எடின்பரோ நகரத்தின் பழைய பகுதியைச் செல்வர் கைவிட்டுச் சென்றமையால், ஆங்கு ஏழைமக்கள் இருளடைந்த அடுக்கு வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். பேராசிரியரும் அவர் மனைவியார் அன்னா அம்மையாரும் வசதியான இல்லத்தை விட்டு அப்பகுதியிலேயே குடிபுகுந்தனர். அண்டை வீட்டாரை அழைத்துக்கொண்டு தாமே தூரிகை பிடித்துச் சுவர்களுக்கு வெள்ளையடித்தனர். சாளரங்களில் பூந்தொட்டி வைத்தனர். சிறு சிறு வெற்றிடங்களைத் தோட்டமாக்கினர். அடுத்த வீட்டான் கையில் ஒரு தூரிகையைக் கொடுத்தலே நகரச் சீர்திருத்தத்தின் முதற்படி என்பதை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார் போலும். 1892-இல் அந்நகரிலேயே நோக்குக் கோபுரம் ஒன்றை அமைத்து, அதில் ஏறுவார் தம் ஊரையும் நாட்டையும் உலகத்தையும் முறையே அறியுமாறு படங்களையும் விளக்கங்களையும் வைத்தார்.

இவரைச் சென்னைக்கு அழைத்தவர் அந்நாளில் கவர்னராயிருந்த பென்ட்லண்ட் பிரபு. ஐரோப்பிய நகரங்களின் படங்களும் வரைவுகளும் அடங்கிய தம் கண்காட்சிப் பொருள்கள் அனைத்தையும் பேராசிரியர் 1914-இல் கப்பலேற்றி அனுப்பினார். அதற்குள் மகாயுத்தம் மூண்டது. 1914 செப்டம்பர் 22-ஆம் நாளிரவு சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்து, நம் தமிழ்மொழிக்கே ஒரு புதிய சொல்லைத் தந்து சென்ற எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பலை யாவரும் அறிவர். பேராசிரியருடைய பொருள்களைச் சுமந்துவந்த கப்பலையும் அவ்வெம்டனே கடலில் ஆழ்த்திற்று. பல்லாண்டு தேடிய தேட்டம் ஒருநாளில் அழிந்தது. ஆயினும் அவர் மனந்தளர்ந்தாரில்லை. நண்பர்களின் உதவியால் மீண்டும் பொருள்கள் திரட்டப்பெற்று, 1915 ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலையின் செனெட் மண்டபத்தில் அக்கண்காட்சி நடைபெற்றது.

அதன்பின் அவர் இந்நாட்டு ஊர்கள் பலவற்றுக்கும் சென்றார். அவர் சென்ற விதமே புதுமையானது. பிற அதிகாரிகள் கச்சேரியில் அமர்ந்து வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்துக் கோடு கிழிப்பர். இவரோ வரைபடத்தைக் கையிலேந்திக்கொண்டு சந்துபொந்துகளெல்லாம் பொழுதெல்லாம் நடப்பார். எந்த மரத்தடியில் மக்கள் கூடுகின்றனர், எந்தக் கிணறு தூர்ந்தது, எந்த வீடு குடியின்றி இடிந்தது என்று குறித்துக்கொள்வார். நெருக்கமான தெருவை முழுதும் இடித்து நேர்கோடாக அகலமான சாலை போடுவதை அவர் ஒப்பவில்லை. அங்ஙனம் செய்தலால் எளியோர் வீடிழந்து, முன்னினும் நெருக்கமான வேறிடத்தில் போய்ச் சேர்வர் என்றார். இடிந்த வீட்டை மட்டும் நீக்கிக் காற்றோட்டம் உண்டாக்குக. மற்றவற்றைக் காப்பாற்றுக என்பது அவர் முறை. உறுப்பைக் காத்து நோயை மட்டும் அறுக்கும் இரண வைத்தியத்தை இஃது ஒக்கும். தஞ்சாவூரிலும் அவர் இம்முறையையே எடுத்துக்காட்டி, பெருஞ்சாலைத் திட்டத்தினும் பன்மடங்கு குறைந்த செலவில் அதே நன்மையைப் பெறலாமென்று அறிவித்தார்.

இந்தூரில் கண்ட அச்சம்

1917-ஆம் ஆண்டு பேராசிரியர் வாழ்க்கையில் மிகக் கொடியதோர் ஆண்டாகும். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், சென்னைக் கண்காட்சியில் தமக்கு வலக்கையாயிருந்த மூத்த மைந்தர் அலாஸ்டர் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார். அப்பொழுது அன்னா அம்மையார் இந்நாட்டில் நோய்வாய்ப்பட்டுக் கிடந்தமையால் அச்செய்தியை அவர்க்குச் சொல்லவும் இயலவில்லை. மகன் இறந்தான் என்பதை அறியாமலே அவ்வம்மையாரும் ஜூன் மாதத்தில் கல்கத்தாவில் உயிர் நீத்தார். மகனையும் மனைவியையும் இரண்டு மாத எல்லைக்குள் இழந்த அறுபத்திரண்டு வயதுக் கிழவர், ஊரின் நலம் குறித்த தம் பணியை அவ்வாண்டிலேயே முன்னினும் ஊக்கத்தோடு செய்தார் என்பதை நாம் மறத்தலாகாது. சொந்தத் துயரத்தைக் காரணங்காட்டிப் பொதுக்காரியத்தினின்றும் விலகுவார்க்கு இஃது ஒரு படிப்பினை.

இந்தூர் மத்திய இந்தியாவில் ஹோல்கர் வமிசத்து அரசர்களின் தலைநகரமாயிருந்தது. கான், சரஸ்வதி என்னும் இரண்டு சிற்றாறுகள் அந்நகரில் கூடுகின்றன. அக்காலத்து மகாராஜாவாகிய மூன்றாம் துகோஜிராவ் ஹோல்கர், நகரத்தைச் சீர்திருத்துதற்கு யோசனை கூறுமாறு பேராசிரியரை அழைத்திருந்தார். அந்நகரில் பிளேக் நோய் பரவியிருந்தது. அவர் வழக்கம்போல் வரைபடத்தோடு தெருக்களில் நடக்கத் தொடங்கியபோது, மக்கள் அவரைச் சுட்டிக்காட்டி அச்சத்தோடும் வெறுப்போடும் ஏதோ முணுமுணுத்தனர். உடன்வந்தாரை வினவ, பிளேக் நோயைக் கொண்டுவருகின்ற கிழட்டுத் துரை இவரே என்று ஜனங்கள் பேசிக்கொள்வதாக அவர்கள் தயக்கத்தோடு தெரிவித்தனராம். இவ்வரலாறு பேராசிரியர் பின்னாளில் தாமே கூறியதாக அவரைப்பற்றிய நூல்களில் காணப்படுவது.

ஜனங்களின் இவ்வெண்ணம் அறியாமையே என்று நாம் தள்ளிவிடலாகாது. 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றிய நாள்முதல், சுகாதார உத்தியோகஸ்தர் என்றாலே வீட்டினுள் வலிந்து புகுபவர், நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோகிறவர், தட்டுமுட்டுக்களை எரிப்பவர், கூரையைப் பிரிப்பவர் என்றே மக்கள் அறிந்திருந்தனர். அவ்வன்முறையால் மூண்ட சினத்தினாலேயே 1897-இல் பூனா நகரத்துப் பிளேக் அதிகாரி ராண்ட் என்பார் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகவே கையில் வரைபடத்தோடு ஒரு வெள்ளையர் தெருவில் நிற்பது, தம் வீடு இடிபடுதற்கு முன்னறிகுறியென்று இந்தூர் மக்கள் கொண்டதில் வியப்பில்லை. அதிகாரத்தால் மட்டும் இயற்றப்படும் திருத்தம், நோயினும் கொடிய அச்சத்தை விளைவிக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வச்சத்தைப் போக்கினாலன்றித் தம் திட்டம் ஏட்டளவில் நின்றுவிடும் என்று பேராசிரியர் உணர்ந்தார். அரசாங்கத்தாரை அணுகி, ஒரேயொரு நாளைக்கு மகாராஜாவின் அதிகாரத்தைத் தமக்கு அளிக்குமாறு வேண்டினார். வேண்டியது கேட்டார்க்கு விசித்திரமாயிருப்பினும், காரணத்தை அறிந்து அவர்கள் இசைந்தனர். அடுத்துவரும் தீபாவளியன்று இதுகாறும் காணாத புதுமையானதோர் ஊர்வலம் நடைபெறும் என்று நகரெங்கும் விளம்பரம் செய்யப்பட்டது. அவ்வூர்வலம் எந்த வீதிவழியாகச் செல்லும்? இந்துக்களின் ஊர்வலம் வழக்கமாய்ச் செல்லும் வீதியும் அன்று. மகமதியரின் ஊர்வலம் செல்லும் வீதியும் அன்று. எவ்வீதியில் மிகுதியான வீடுகள் பழுதுபார்க்கப்பட்டுத் தெருவும் துப்புரவாயிருக்கின்றதோ, அவ்வீதி வழியாகவே செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. வீட்டிலுள்ள குப்பைகூளங்களைக் கூலியின்றி வண்டியில் ஏற்றிச் செல்வதாகவும் நகரசபையார் வாக்களித்தனர்.

ஆணையால் ஆகாத காரியம் அவாவினால் ஆயிற்று. தம் தெருவுக்கே ஊர்வலம் வரவேண்டும் என்ற ஆசை ஒவ்வொரு தெருவாரையும் பற்றிக்கொண்டது. வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டன. கோயிலை அடுத்தோர் கோயிலையும் அதன் முன்புறத்துத் தெருவையும் செப்பனிட்டனர். பரணிலும் கொல்லையிலும் தலைமுறை தலைமுறையாய்க் கிடந்த குப்பை வெளிப்பட்டது. 6,000 வண்டிப் பாரத்துக்கும் மேற்பட்ட குப்பை அந்நாட்களில் அகற்றப்பட்டதாகக் கூறப்படுகின்றது. எண்ணிறந்த எலிகளும் பிடிபட்டன. வீட்டினுள் ஓர் உத்தியோகஸ்தரும் நுழையவில்லை. ஒருவர்மீதும் அபராதம் விதிக்கப்படவில்லை.

ஊர்வலம் வந்த வகை

தீபாவளியும் வந்தது. ஊர்வலத்தின் முன்னே அரசாங்கத்துப் படைகளும் யானைகளும் ஒட்டகங்களும் சென்றன. அடுத்து உழவும் விளைவும் குறித்த காட்சிகள் வந்தன. அவற்றோடு செல்வத்துக்குரிய திருமகள் உருவம் பெருஞ்சிறப்புடன் யானைமீது எழுந்தருளிற்று. அதன்பின் ஆரவாரம் அடங்கியது. வாத்தியங்கள் அவலமாய் ஒலித்தன. நோயையும் வறுமையையும் குறிக்கும் பூதங்களும், இடிந்து சாய்ந்த குடில்களின் உருவங்களும் வந்தன. அவற்றுக்கு நடுவே அழுக்கரக்கன் ஒருவன் பெருவடிவாய் வந்தான். மலைபோன்ற எலியின் உருவம் ஒன்று, பிளேக்கைப் பரப்பும் பூச்சிகள் மேலே மொய்க்க, ஊர்ந்து வந்தது. மலேரியாக் காய்ச்சலைத் தரும் கொசுவின் உருவமும் உடன்வந்தது. எழுத்தறியாத தாய்மாரும் குழந்தைகளும் தம் பகைவர் யாவர் என்பதை அன்று கண்ணாரக் கண்டனர்.

மீண்டும் மங்கள வாத்தியம் முழங்கியது. இம்முறை வந்தவர் யாவர்? நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர். அவர்கள் நால்வர் நால்வராய் அணிவகுத்து, தூய வெள்ளாடை உடுத்து, தம் துடைப்பத்தையே ஆயுதமாக ஏந்தி வந்தனர். அவர்தம் குப்பை வண்டிகள் புதுவர்ணம் பூசப்பெற்று விளங்கின. வண்டி மாடுகள் கழுவி அலங்கரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொருவர் தலையிலும் நகரத்துக்குரிய நிறத்தில் ஒரு புதிய தலைப்பாகை இருந்தது. அவர்களைத் தொடர்ந்து வந்த நகரத்து ஊழியர்களும், உயர்ந்த உத்தியோகஸ்தர்களும், நகரசபைத் தலைவரும், மந்திரியும் அதே நிறத் தலைப்பாகையையே அணிந்து வந்தனர். நகரத்துக்குச் செய்யும் ஊழியத்தில் மேலென்றும் கீழென்றும் வேற்றுமையில்லை என்பதற்கு அஃது அடையாளமாயிருந்தது.

வாசகர்கள் இவ்விடத்தில் சிறிது நிற்றல் வேண்டும். 1917-ஆம் ஆண்டில், ஒரு சமஸ்தானத்துத் தலைநகரில், தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்டிருந்த மக்கள், திருமகள் சென்ற அதே ஊர்வலத்தில், மந்திரி அணிந்த அதே தலைப்பாகையோடு நடந்தனர். அரக்கனையும் எலியையும் வெல்லவந்த வீரர் அவரே என்று ஊரார் கண்முன் காட்டப்பட்டது. ஒரு பிரசங்கமும் நிகழவில்லை. தலைப்பாகையே பிரசங்கம் செய்தது.

அதன்பின் இந்தூர் நகரத்தையே தெய்வமாக உருவகித்த தேவியின் தேர் வந்தது. தேவியின் கொடியில் நகரத்தின் வரைபடம் எழுதப்பட்டிருந்தது. இனி அமையவேண்டிய வீதிகளும் அதிற் காட்டப்பட்டிருந்தன. முன்பு ஜனங்களை அச்சுறுத்திய அதே வரைபடம் இப்பொழுது கொடியில் விளங்கிற்று! நூல்நிலையம், பொருட்காட்சிசாலை முதலிய எதிர்காலக் கட்டடங்களின் உருவங்களும், கொத்தர் குயவர் கருமார் முதலிய தொழிலாளர் தத்தம் தொழில் செய்யும் காட்சிகளும் தொடர்ந்தன. ஈற்றில் வந்த வண்டிகளிலிருந்து பூவும் கனியும் துளசிக் கன்றுகளும் மக்களுக்கு வழங்கப்பட்டன. முற்றத்தில் துளசி வைப்பார் அம்முற்றத்தைத் தூய்மையாக வைத்தல் வேண்டுமன்றோ? ஊர்வலம் பூங்காவை அடைந்ததும் அழுக்கரக்கனும் எலியும் தீக்கிரையாயினர். வாணவேடிக்கையோடு விழா நிறைவேறியது.

நோயும் தணிந்தது. பிளேக்கைக் கொண்டுவந்த துரை என்று தூற்றியவர்களே, பிளேக்கை ஓட்டிய துரை என்று பேராசிரியரை வணங்கலாயினர். நோய் தணிந்தது முற்றும் ஊர்வலத்தின் பயனே என்று கூறுதல் மிகையாகும். பிளேக் நோய் பருவத்துக்கேற்ப ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. ஆனால் எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சியே அந்நோயைப் பரப்புவது என்பது ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பட்ட உண்மையாதலால், வீட்டினின்று எலியும் குப்பையும் அகன்றது வீணாகவில்லை. அதனினும் பெரிய பயன், ஜனங்களுக்கும் சீர்திருத்தம் செய்ய வந்தவர்க்கும் இடையே நின்ற அச்சம் அகன்றதேயாகும். பேராசிரியர் தம் ஆராய்ச்சி முடிவுகளை இரண்டு பாகங்களாலாகிய அறிக்கையாக 1918-இல் இந்தூர் அரசாங்கத்தார்க்கு அளித்தார். அதில் கண்டவை யாவும் நிறைவேறவில்லை. அவர் 1919 முதல் பம்பாய்ச் சர்வகலாசாலையில் சமூகவியல் பேராசிரியராயிருந்து, 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிரான்சு தேசத்தில் காலமானார்.

நூறாண்டு கழித்து, 2017-ஆம் ஆண்டில், இந்திய அரசாங்கத்தார் நகரங்களின் துப்புரவை அளந்து வரிசைப்படுத்தியபோது முதலிடம் பெற்ற நகரம் இந்தூரே. 2023-இல் சூரத்து நகரத்தோடு பகிர்ந்துகொண்டது உட்பட, பல்லாண்டு தொடர்ந்து அவ்விடத்தைக் காத்தது. பழைய ஊர்வலத்தின் பயன் இது என்று கூற நமக்குச் சான்றில்லை. எனினும் வீடுதோறும் குப்பையைத் தரம்பிரித்துக் கொடுக்கும் மக்களின் ஒத்துழைப்பில்லாமல் அவ்வெற்றி கிட்டியிராது என்பது திண்ணம்.

நம் நாட்டு வழக்கு

விழாவினால் நகரம் அமைவது நம்மவர்க்குப் புதிதன்று. மதுரை மாநகரில் கோயிலைச் சூழ ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணிமூல வீதி, மாசி வீதி என ஒன்றையொன்று சூழ்ந்து வீதிகள் அமைந்திருப்பதையும், அவை திருவிழா மாதங்களின் பெயரைத் தாங்கியிருப்பதையும் நாம் அறிவோம். தேர் திரும்பவேண்டுமாயின் தெருமுனை அகன்றிருத்தல் வேண்டும். தேர் ஓடவேண்டுமாயின் திண்ணை வீதியில் நீளாதிருத்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை தேர் வருகிறது என்ற ஒன்றே, எந்தச் சட்டத்தினும் உறுதியாக அவ்வீதிகளின் அகலத்தைக் காத்து வந்தது. பேராசிரியர் கெடிஸும் தென்னாட்டுக் கோயில் நகரங்களைப் பெரிதும் வியந்து 1919-இல் ஒரு கட்டுரை வரைந்தார்.

ஆனால் நம் வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. ஊர்வலம் எவ்வீதியில் செல்லலாம், யார் செல்லலாம் என்பதுபற்றியே நம் நாட்டில் குருதி சிந்தப்பட்டது. கழுகுமலையில் 1895-இல் தேர்வீதியில் ஊர்வலம் செல்லும் உரிமைபற்றி எழுந்த கலகம் பல உயிர்களைக் கொண்டது. வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924-ஆம் ஆண்டிலும் 1925-ஆம் ஆண்டிலும் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது, ஈ. வெ. ராமசாமி நாயக்கர் அதன்பொருட்டுச் சிறை புகுந்தார். ஒருசாரார்க்குப் பெருமை தந்த வீதி மற்றொருசாரார்க்கு அடைக்கப்பட்ட வீதியாயிருந்தது. பேராசிரியர் இந்தூரில் பழைய வழக்கு வீதிகளிரண்டையும் விடுத்து, உழைத்த தெருவே ஊர்வலம் பெறும் தெரு என்று விதித்ததன் நுட்பத்தை இவ்வரலாறுகளோடு ஒப்பிட்டு நோக்குவார் நன்குணர்வர். பிறப்பினால் வந்த உரிமைக்குப் பதிலாக உழைப்பினால் வரும் உரிமையை அவர் வைத்தார்.

வகுப்பினர் சங்கங்கள் ஊர்க்கு உதவமாட்டா என்று கூறுவாரும் உளர். அதுவும் முழுவுண்மையன்று. விருதுநகரத்து வணிகர்கள் தம் சரக்கின்மேல் தாமே மகமை விதித்துக்கொண்டும், வீடுதோறும் பிடியரிசி திரட்டியும் கல்விச்சாலைகள் நடத்திய வரலாறு யாவரும் அறிந்ததே. பின்னாளில் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாகி நாடெங்கும் பள்ளிகளைத் திறந்த காமராசர் அவ்வூர்க் க்ஷத்திரிய வித்தியாசாலையிற் பயின்றவர். ஒரு வகுப்பார் சேர்த்த பிடியரிசியின் பயன் நாடு முழுதுக்கும் சென்றது. சங்கம் தன் வகுப்பின் வாயிலோடு நின்றுவிடுமாயின் அது சுவர். ஊர்வரையில் நீளுமாயின் அது பாலம்.

செய்யத்தக்கன

சங்கத்து அன்பர்காள்! பழைய நாளில் ஊரைத் திருத்தும் அதிகாரம் ஒரு மகாராஜாவிடம் இருந்தது. அதனை ஒருநாளைக்கு இரந்து பெறவேண்டியிருந்தது. இன்று அந்நிலை இல்லை. சென்னை மாகாணத்து நகரமைப்புச் சட்டம் 1920-இல் தோன்றியது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம் வகுக்கும்போது அதனை வெளியிட்டு, ஆட்சேபங்களையும் யோசனைகளையும் எழுதித் தெரிவிக்க ஜனங்களுக்குக் கெடு கொடுக்கப்படுகின்றது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியற் சட்டத் திருத்தம் நகரசபைகளுக்கு உறுதியான நிலையை அளித்தது. 2022-இல் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைத்தற்கு விதிகள் வகுத்தனர். வாயில் திறந்திருக்கின்றது, நுழைவாரையே காணோம்.

நம் நிலை எத்தகையது? திருமணப் பத்திரிகை வந்த நாளை மறவோம். திட்டத்தின்மேல் ஆட்சேபம் எழுதும் கெடு கழிந்த நாளை அறியோம். சாலை நம் வாசலுக்கு வந்து, அளவுக்கல் நட்டபின்னரே தலைவர் வீட்டுக்கு ஓடுகின்றோம். அப்பொழுதும் நம் தெருவைக் காப்பாற்றித் தருக, சாலையை அடுத்த தெருவுக்குத் திருப்புக என்று வேண்டுகின்றோமேயன்றி, ஊருக்கு எது நன்று என்று எண்ணுவதில்லை. இம்மனநிலை மாறுதல் வேண்டும். அதற்கு எனக்குத் தோன்றும் சில வழிகளைச் சுருக்கிக் கூறுவேன்.

முதலாவது, ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் ஊரின் வரைபடம் ஒன்றைப் பெற்று வைத்தல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளோடு பெரியோரும் விடுமுறை நாட்களில் தெருத்தெருவாய் நடந்து, தூர்ந்த குளம், உடைந்த சாக்கடை, விளக்கில்லாத முனை, நிழல்மரம், முதியோர் அமரும் இடம் ஆகியவற்றை அதிற் குறிக்கலாம். நம்மவர் குடியிருக்கும் தெருக்களை மட்டுமன்று, ஊர் முழுதையும் குறித்தல் வேண்டும். நடந்து பாராதவன் திட்டம் கூறத் தகுதியற்றவன் என்பது பேராசிரியர் வாழ்க்கை காட்டும் உண்மை.

இரண்டாவது, நகரசபை அறிவிப்புக்களைப் படித்துச் சங்கத்தார்க்கு உரைக்கும் பொறுப்பை இளைஞர் இருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். பகுதி சபை கூடும் நாளைச் சங்கப் பலகையில் எழுதுக. வேலைநேரம் காரணமாகவும் கூச்சம் காரணமாகவும் வர இயலாத பெண்மக்களின் குறைகளை அவர்தம் வாய்மொழியாகவே கேட்டுக் கொண்டு செல்க. குழாயடியில் காத்திருப்பார் அறியும் நீர்க்கணக்கை மேடையில் பேசுவார் அறியார்.

மூன்றாவது, நம் விழாக்களைத் திருத்துதல். போகிப் பண்டிகை பழையன கழிதற்கே ஏற்பட்டது. ஆனால் இக்காலத்தில் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்திப் புகையால் ஊரை மூடுகின்றோம். அந்நாளில் கொளுத்துதலை விடுத்து, வீட்டுக் குப்பைகளைத் திரட்டி உரிய இடம் சேர்க்கச் சங்கம் வண்டி ஏற்பாடு செய்யலாம். ஆண்டு விழா ஊர்வலத்தை எத்தெருவார் தம் தெருவைத் திருத்தினரோ அத்தெருவழியே நடத்தலாம். அத்தெரு எவ்வகுப்பார் தெருவாயினும் ஆகுக. நம் தெருவைவிட அயலார் தெரு துப்புரவாயிருப்பின், ஊர்வலம் அயலார் தெருவழியே செல்லட்டும். இதனை ஒப்புக்கொள்ளும் துணிவு நமக்குண்டாயின், வேறு சீர்திருத்தங்கள் தாமே வரும்.

நான்காவதே தலையாயது. துப்புரவுத் தொழிலாளர்க்குரிய மதிப்பை நாம் அளித்தல் வேண்டும். மனிதர் கையால் மலமள்ளுவதைத் தடுக்கும் சட்டங்கள் 1993-லும் 2013-லும் இயற்றப்பட்ட பின்னும், கழிவுநீர்க் குழிகளில் இறங்கி மூச்சடைத்து மாள்வார் செய்தி ஓயவில்லை. நம்மில் ஒருவரும் தம் வீட்டுக் குழியில் மனிதரை இறக்குவதில்லை என்று சங்கத்தில் உறுதிகொள்ளலாம். ஆண்டு விழாப் பந்தியில் முதல் வரிசையில் அவர்களை அமர்த்தி உபசரிக்கலாம். இது தருமமன்று, கடன் தீர்த்தல். இந்தூரில் ஒரு மந்திரி 1917-இல் அவர்களோடு ஒரே நிறத் தலைப்பாகை அணிந்து வீதியில் நடந்தார். அதற்குப்பின் நூறாண்டுக்கு மேலாயிற்று. நாம் இன்னும் அவர்களோடு ஒரே பந்தியில் அமரத் தயங்குவோமாயின், நம் சங்கத்துப் பதக்கங்களும் பொன்னாடைகளும் எதற்கு?

நம் முன்னோர் இச்சங்கத்தைத் தோற்றுவித்தபோது, பிறர் நம்மைத் தாழ்வாக எண்ணலாகாது என்பதே அவர்தம் நோக்கமாயிருந்தது. அந்நோக்கம் பெருமளவு நிறைவேறியது. இனி எஞ்சியிருப்பது, நாம் ஒருவரையும் தாழ்வாக எண்ணாதிருத்தல். இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறிய ஊரே நல்லூர். வருகின்ற ஆண்டு விழாவின் மறுநாட் காலையில் நம் வீதி எவ்வாறு விளங்கும் என்பதைக் கொண்டே நம் சங்கத்தின் உயர்வை நாம் அளந்தறிவோமாக. அதற்கு வேண்டிய ஊக்கத்தை எல்லாம்வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.